இருபத்தெட்டு பாதம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சௌக்கியம். நீயும் அண்ணியும் சௌக்கியம் என்று நானே வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இருவரில் யாராவது படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் நீ எழுதப்போவதில்லை.

முதலில் காரியம். இந்தக் கடிதத்தின் பின்னாலேயே ஒரு பார்சல் வரும். அதில் என் ஸ்பைக் ஷூ இருக்கிறது. இடது கால் பெருவிரல் நகம் கறுத்துப்போய், எப்போது விழலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது. வலது காலும் அதே வழியில் போகிறது. ஒவ்வொரு அடிக்கும் ஷூவின் முன்பக்கம் விரலை இடிக்கிறது. முகாமில் புது ஜோடி ஒன்று கொடுத்தார்கள். போட்டுப் பார்த்தேன், வேறு யாருடைய காலையோ இரவல் வாங்கிய மாதிரி இருக்கிறது. பதினாறு வருஷமாக நீ கை வைத்த ஷூவைத் தவிர வேறு எதிலும் நான் ஜெயித்ததில்லை. அது உனக்கும் தெரியும், அந்தத் தலைக்கனமும் உனக்கு உண்டு. ஏதாவது செய்து அனுப்பு. அதுவரை இதே அளவில் இருக்கிற இன்னொரு பழைய ஜோடியில் ஓட்டுகிறேன்.

ஏப்ரல் 20 தேர்வுப் போட்டி. ரிலேவில் முதல் இரண்டு இடத்துக்குள் வரும் அணிகள்தான் செப்டம்பரில் நடக்கிற பெரிய போட்டிக்குப் போகும். தனி ஓட்டத்தில் போன வருஷமே என்னைக் கழற்றிவிட்டார்கள். நூறு மீட்டர் சாதனை ஒன்பது வருஷமாக என் பேரில்தான் இருக்கிறது. அந்த நேரத்தை இனி நானே எட்டிப் பிடிக்க முடியாது. வயது முப்பத்தொன்று. நான்கு பேரில் கடைசி ஆளாக ஓடுவது ஒன்றுதான் மிச்சம். அதுவும் போனால் காலையில் எழுந்து என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றாவதாக ஓடி வந்து எனக்குப் பேட்டன் குச்சியைக் கொடுக்கிறவள் புதுசு. பத்தொன்பது வயது. உருவத்தைப் பார்த்து எல்லாரும் கடுகு என்று கூப்பிடுகிறார்கள். அவள் ஊர் நம் ஊரிலிருந்து இரண்டு மணி நேர பஸ். வீட்டுச் சுவரில் என் படத்தை ஒட்டி வைத்திருக்கிறாளாம். முதல் நாளே சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். வளைவில் அவள் வருகிற வேகத்தைப் பார்த்தால் என் வயது எனக்கு நினைவு வந்துவிடுகிறது.

என் கணக்கு பழைய கணக்குதான். நிற்கிற இடத்திலிருந்து பின்னால் இருபத்தெட்டு பாதம் எண்ணி, தரையில் ஒரு டேப் ஒட்டுவேன். கடுகு அந்த டேப்பைத் தாண்டும் நொடியில் நான் கிளம்ப வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. அவள் "கை" என்று கத்தினால் பின்னால் நீட்டுகிற என் கையில், மாற்றுவதற்கென்று கோடு போட்ட கட்டத்துக்குள்ளேயே, பேட்டன் வந்து விழ வேண்டும். சின்ன வயதில் உன் கடை வாசலில் குதிகாலையும் விரல் நுனியையும் ஒட்டி ஒட்டி வைத்து நான் எண்ணி நடக்கும்போது, "என்னடி, இடத்தை அளந்து வேலி போடப் போறியா" என்று கேட்பாயே, அதே அளவு.

அண்ணியின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

உன்,
தத்தி

மார்ச் 14

தத்திக்கு அண்ணன் எழுதுவது.

நாங்கள் இருவரும் நடமாட்டமாக இருக்கிறோம். அண்ணிக்கு முதுகுவலி குறைந்து, அந்த வலி என் தலைக்கு வந்துவிட்டது. ஒன்றரை வயது வரை நடக்காமல் உட்கார்ந்த இடத்திலேயே நகர்ந்தவளை நாட்டிலேயே வேகமானவள் என்று பேப்பரில் போடும்போதெல்லாம், "இதுக்கா தத்தின்னு பேர் வச்சீங்க" என்று என்னைத்தான் பிடிக்கிறாள்.

ஷூ கிடைத்தது. பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. கால் வயசுக்குத் தகுந்த மாதிரி பரந்திருக்கிறது, ஷூவுக்கு வயசாகவில்லை. முன்பக்கத்தைத் திறந்து, மெல்லிய தோல் ஒரு துண்டு கொடுத்து, நுனியில் ரப்பர் உதடு வைத்துத் தைத்திருக்கிறேன். ஆணித் தகட்டைத் தொடவில்லை. ஒரு காலுக்கு மட்டும் செய்தால் நடை கோணும் என்று இரண்டுக்கும் ஒரே மாதிரி செய்தேன். இனி விரல் உள்ளே காலாட்டிக்கொண்டு படுத்திருக்கலாம்.

கடையில் வேலை மூச்சு முட்டுகிறது. பங்குனித் திருவிழா நேரம். ஒரே நாளில் பதினேழு ஜோடி. அத்தனைக்கும் நடுவில் உன்னுடையதை முதலில் எடுத்தேன் என்று அண்ணிக்குச் சொல்லாதே, அவள் கைப்பை ஜிப் மூன்று மாதமாக ஆணியில் தொங்குகிறது.

வழக்கம்போல வேலைக்கு முன்னால் ஒரு அட்டை, வேலைக்குப் பின்னால் ஒரு அட்டை, இரண்டிலும் ஷூவை வைத்துச் சுற்றி வரைந்து மாட்டிவிட்டேன். அடுத்த தடவை கழுதை மாதிரி மறுபடி அளக்க வேண்டாம் பார்.

அந்தக் கடுகுப் பிள்ளையை மிரட்டாதே. உன் முகம் சும்மா இருக்கும்போதே மிரட்டுகிற முகம்.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே இருவரும்? ஷூ வந்து சேர்ந்தது. காலை விட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு சுகம். தினமும் போட்டுத் தேய்க்க மனசு வரவில்லை. துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். போட்டியன்று காலையில்தான் எடுப்பேன். அதுவரை பழையது, பஞ்சு வைத்துக்கொண்டு.

இங்கே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படுத்தால் எழுந்திருக்கலாம் என்று இருக்கிறது, எழுந்தால் ஓடலாம் என்று இருக்கிறது, ஓடினால் கோச் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். முன்பெல்லாம் நேரத்தைச் சத்தமாகச் சொல்வார். கடுகுக்கு மட்டும் இப்போதும் சத்தமாகச் சொல்கிறார்.

அவளோடு எனக்கு நன்றாக ஒத்துப்போகிறது. இருபது தடவை ஓடினால் இருபது தடவையும் பேட்டன் கையில் வந்து உட்காருகிறது. இந்த அணியில் நிலைத்தால் மின்சார அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைக்கும். அப்பா இல்லாத வீடு. "அக்கா, நீங்க மட்டும் இல்லன்னா எனக்கு ஓடவே பயமா இருக்கும்" என்கிறாள். என் தட்டில் இருக்கிற முட்டையைத் தூக்கி அவள் தட்டில் வைத்துவிடுகிறேன். எனக்குச் செரிப்பதில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன்,
தத்தி

ஏப்ரல் 26

தத்திக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? நாங்கள் இருக்கிறோம்.

போட்டி முடிந்து ஆறு நாள் ஆகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பக்கத்து ரேடியோ ரிப்பேர்க் கடையில் டிவியில் பார்த்தோம். தெருவே நின்றது. மூன்று பேர் ஓடி முடிக்கும்வரை நாம்தான் முதலில். அப்புறம் நீ கிளம்பினாய், கையைப் பின்னால் நீட்டினாய், நீட்டிக்கொண்டே போனாய். அந்தப் பிள்ளை ஒரு முழம் பின்னால், எட்டவே இல்லை. மாற்றுக் கட்டம் முடிகிற கோட்டைத் தாண்டித்தான் உன் கையில் கொடுத்தாள். சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டார்கள். ரேடியோக்காரர் டிவியையே அணைத்துவிட்டார். எல்லாரும் கலைந்து போனார்கள்.

பேப்பரில் "மூன்றாவது வீராங்கனை களைத்ததால் கைநழுவிய வாய்ப்பு" என்று போட்டிருக்கிறான். எனக்கு அவள் களைத்த மாதிரி தெரியவில்லை. என்ன நடந்தது? விரல் எப்படி இருக்கிறது? ஷூ கடித்ததா? எழுது.

அண்ணன்

மே 10

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் நலம் விழைகிறேன்.

பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை. விரலுக்கு ஒன்றுமில்லை. ஷூ நன்றாக இருக்கிறது. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது, விடுதியில் தண்ணீர் காலையில் அரை மணி நேரம்தான் வருகிறது. என் கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டேன், பிறகு மறுபடி சுவர் பக்கமே போட்டேன்.

எங்களுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார்கள். ஜூலை 27-ல் கடைசித் தேர்வு. தேர்வுக் குழு கூடி விசாரித்தது. நான்கு பேரும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். கடுகை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் இடத்தில் மாற்று ஆளாக இருந்தவள் ஓடுகிறாள். இவள் நல்ல பெண்தான், கொஞ்சம் மெதுவு.

கடுகு போகும்போது நான் மைதானத்தில் இருந்தேன், பார்க்க முடியவில்லை. சின்ன வயது, வேறு வாய்ப்பு வரும். கோச் கூட அப்படித்தான் சொன்னார். அண்ணியின் ஜிப்பைத் தைத்துக் கொடுத்தாயா?

உன்,
தத்தி

மே 18

தத்திக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை.

நேற்றுக் காலை ஒரு பெரியவர் செருப்பைக் கொண்டுவந்து, "போன தடவை தைச்சதுல இருந்து வாசப்படி தட்டுது" என்றார். பார்த்தேன். முன்னால் நான் வைத்த பட்டை நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சீவிக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிட்டது. ஆணியில் மாட்டியிருந்த உன் இரண்டு அட்டைகளையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். வேலைக்கு முன்னால் இருபத்து நாலரை சென்டிமீட்டர். வேலைக்குப் பின்னால் இருபத்தாறு.

ஒன்றரை சென்டிமீட்டர் ஒன்றுமில்லைதான். ஆனால் நீ இருபத்தெட்டு தடவை எண்ணுகிறாயே. பெருக்கிப் பார்த்தேன், நாற்பத்திரண்டு. டேப் அந்த அளவு பின்னால் போயிருக்கிறது. பிள்ளை டேப்பைச் சீக்கிரம் தாண்டியிருக்கிறாள், நீ சீக்கிரம் கிளம்பியிருக்கிறாய். அவள் எப்படி எட்டிப் பிடிப்பாள்? நீ பழைய ஷூவில் பயிற்சி செய்து, அன்றைக்குத்தான் இதைப் போட்டாய். எல்லாம் எனக்குத் தெரியும். கடை வாசலில் நீ எண்ணி நடந்ததைப் பார்த்தே வளர்ந்தவன், தைக்கும்போது ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

தப்பு என்னுடையது. இரண்டு அட்டையையும் இதோடு வைத்திருக்கிறேன். கோச்சிடம் காட்டு. அண்ணன் செய்த கோளாறு என்று சொல். அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூப்பிடச் சொல். நான் வந்து சொல்ல வேண்டும் என்றால் கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன்.

இனி உன் ஓட்ட ஷூவை நான் தொட மாட்டேன். வெறும் செருப்பு தைக்கிறவனாகவே இருந்துகொள்கிறேன்.

அண்ணன்

ஜூன் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

நீ இப்படி மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. நீ வேண்டுமென்றா செய்தாய்? நல்லதுக்குத்தான் செய்தாய். போட்டி என்றால் ஆயிரம் நடக்கும். அட்டைகள் கிடைத்தன. ஆனால் குழுவின் விசாரணை முடிந்து கோப்பை மூடிவிட்டார்கள். இப்போது போய்க் கிளறினால் அணி மறுபடி கலையும், இருக்கிற மூன்று பேரும் பயந்துபோவார்கள். ஜூலை முடியட்டும், பிறகு நானே நல்ல நேரம் பார்த்துப் பேசுகிறேன்.

நீ வர வேண்டாம். வெளியாட்களை உள்ளே விடுவதில்லை.

புதுப் பெண்ணோடு பயிற்சி சுமாராகப் போகிறது. இருபதில் பதினான்கு சரியாக வருகிறது. நான் இப்போது பழைய ஷூவில்தான் ஓடுகிறேன். நகம் விழுந்துவிட்டது.

உன்,
தத்தி

ஜூன் 11

தத்திக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அந்தப் பிள்ளையைப் பார்க்கப் போனேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் நல்ல நேரம் பார்க்கச் சொல்வாய்.

பஸ் நிலையத்துக்கு எதிரே நகல் எடுக்கிற கடையில் நிற்கிறாள். உட்கார நாற்காலி இல்லை. உன் அண்ணன் என்றதும் இயந்திரத்தின் மூடியை மூடிவிட்டு, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். அம்மா வேலைக்குப் போயிருந்தார். ஒரே அறை. சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெளுக்காமல் பழைய நிறத்தில் இருந்தது. அங்கே என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.

ஷூ விஷயத்தைச் சொன்னேன். என்னால்தான் அவளுக்கு இப்படி ஆனது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் காலி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்:

"டேப் தள்ளி இருந்தது எனக்குத் தெரியும்ணே. கட்டத்தோட கோட்டுக்கும் டேப்புக்கும் நடுவுல எவ்வளவு இருக்கும்னு எனக்குப் பழக்கம். அன்னிக்கு அதிகமா இருந்துச்சு. என் இடத்துக்குப் போறதுக்கு முன்னாடி அக்காகிட்ட சொன்னேன். 'நான் டேப் ஒட்ட ஆரம்பிச்சப்ப உனக்குப் பால்பல்லு விழலை, போய் உன் இடத்துல நில்லு'ன்னாங்க. சரின்னு போயிட்டேன்."

"அதைக் குழுவுல சொல்ல வேண்டியதுதானேம்மா?" என்றேன்.

"அக்கா எழுதிக் குடுத்ததைக் குழுவுல எனக்குக் காட்டினாங்க. டேப் சரியான இடத்துலதான் இருந்துச்சு, நான் களைச்சுப்போய் மெதுவா வந்தேன்னு எழுதியிருந்துச்சு. கீழ கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நான் ஒரு நோட்டுல வாங்கி வச்சிருக்கேண்ணே. அதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நிறுத்தம் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டாள்.

நான் மூன்று வாரமாக என் கையை நானே திட்டிக்கொண்டிருந்தேன். ஊசியை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். நீ அதைத் தெரிந்துகொண்டே "நீ வேண்டுமென்றா செய்தாய்" என்று எழுதியிருக்கிறாய்.

நலமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

அண்ணன்

ஜூன் 27

அன்பு நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன் சாப்பிடுகிறார், கடைக்குப் போகிறார், வருகிறார். கடையில் உன் படம் இருந்த இடத்தில் காலண்டரை மாட்டிவிட்டார். யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் ஷூவுக்குப் பாலிஷ் போட ஆரம்பித்துவிடுகிறார். என்ன நடந்தது என்று கேட்டேன், "அவகிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டார். நான் கேட்கவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்க்கிறார். நமக்கில்லை என்று தெரிந்ததும் குனிந்துகொள்கிறார். பதினாறு நாளாக இதையே பார்க்கிறேன்.

என் ஜிப்பைத் தைத்துவிட்டார். கேட்காமலே தைத்ததால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணி

ஜூலை 5

அண்ணா,

நான் நலமாக இல்லை. நீயும் இல்லை என்று அண்ணி எழுதியிருந்தார்கள்.

இதை எத்தனை தடவை எழுதிக் கிழித்தேன் என்று எண்ணவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

டேப் தள்ளி இருந்தது எனக்கு அன்றைக்கே கண்ணில் பட்டது. கோட்டைப் புதிதாக அடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். கடுகு வந்து சொன்னபோது சுருக்கென்றது. அவள் சொன்னதனாலேயே நான் மறுபடி எண்ணிப் பார்க்கவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் எண்ணியிருப்பேன். கோச் சத்தமாக நேரம் சொல்வது அவளுக்குத்தானே என்ற எரிச்சல் எனக்குள் இருந்தது. அதை உன்னிடமும் மறைத்துத்தான் முட்டைக் கதை எழுதினேன்.

ஓட்டம் முடிந்த அன்று சாயங்காலம் அறையில் இரண்டு ஜோடி ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மறுநாள் காலைதான் எழுதித் தரச் சொன்னார்கள். தெரிந்தே எழுதினேன். டேப் என் பொறுப்பு. அது தப்பு என்று எழுதினால் என்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள், எனக்கு அடுத்த வருஷம் கிடையாது, அவளுக்கு உண்டு. இப்படிக் கணக்குப் போட்டேன்.

நீ உன் தப்பு என்று எழுதி அட்டைகளை அனுப்பினாய் பார், அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. யாரோ ஒருவர் அதை எடுத்துக்கொண்டார்களே என்று இருந்தது. அட்டைகளை மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கினேன். இந்த ஒன்றைத்தான் எழுத முடியாமல் இத்தனை நாள் திணறினேன்.

நேற்று அட்டைகளையும் இரண்டு ஜோடி ஷூவையும் எடுத்துக்கொண்டு கோச்சிடம் போனேன். பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மற்ற மூன்று பேரும் பார்க்க, புது ஷூவில் இருபத்தெட்டு எண்ணி ஒரு டேப், பழைய ஷூவில் இருபத்தெட்டு எண்ணி ஒரு டேப் ஒட்டினேன். அவள் சொன்னதையும், நான் திட்டியதையும், எழுதிக் கொடுத்தது பொய் என்பதையும் சொன்னேன். கோச் இரண்டு டேப்புக்கும் நடுவில் கையை வைத்துச் சாண் போட்டார். இரண்டு சாண். "அன்னிக்கே சொல்லியிருந்தா இது டேப்பு விஷயம். இப்ப இது உன் விஷயம்" என்றார்.

இன்று குழுவிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கிருந்த அணித் தலைவி பொறுப்பை எடுத்துவிட்டார்கள். கடுகுக்குத் தந்தி போயிருக்கிறது. என்னை வைத்துக்கொள்வார்களா என்று வெள்ளிக்கிழமை சொல்வார்களாம். மாற்று ஆள் மூன்றாவது இடத்தில் ஓடிப் பழகியவள், அவளைக் கடைசியில் ஓடவைத்துப் பார்க்கிறார்கள். நான் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறேன். கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

உன் கையில் ஒரு குற்றமும் இல்லை. ஊசியைப் பிடி.

தத்தி

ஜூலை 29

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ பதில் போடவில்லை. போட வேண்டாம், நான் எழுதுகிறேன். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

டிவியில் பார்த்திருந்தால் முடிவு உனக்குத் தெரியும். இரண்டாவது இடம். செப்டம்பருக்குப் போகிறோம். கடைசி ஆளாக என்னைத்தான் ஓடவைத்தார்கள். மன்னித்து இல்லை, மாற்று ஆளைவிட நான் இன்னும் கொஞ்சம் வேகம் என்பதால். கோச் அதை என் முகத்துக்கு நேராகவே சொன்னார். நான் தலையாட்டினேன்.

கடுகு ஜூலை 12 வந்தாள். பையை வைத்தாள், ஷூ மாட்டினாள், மைதானத்துக்கு வந்தாள். நான் அவள் முன்னால் போய் நின்று, "நான் உனக்குப் பண்ணினது பெரிய அநியாயம்" என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு எண்ணப் போனபோது, என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். நான் நிற்கிற இடத்தில் தன் குதிகாலை வைத்து, தன் பாதத்தால் எண்ணிக்கொண்டே பின்னால் போனாள். உதடு மட்டும் அசைந்தது. முப்பத்தொன்று. குனிந்து டேப்பை ஒட்டி, கட்டைவிரலால் மூன்று தடவை அழுத்தித் தேய்த்தாள். அன்றிலிருந்து டேப் அவள் பொறுப்பு. யாரும் சொல்லவில்லை, அப்படியே ஆகிவிட்டது.

பதினைந்து நாள் பயிற்சி செய்தோம். அவள் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை "கை". ஒரு நாளைக்கு இருபது தடவை. அதை மட்டும் சொல்லித்தானே ஆக வேண்டும். நான் நீட்டுவேன், பேட்டன் வந்து விழும், அதோடு சரி. சாப்பாட்டு மேஜையில் அந்தக் கோடியில் உட்காருவாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் காலையில் ஐந்து மணிக்கே தயாராக இருந்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

ஓட்டத்தன்று டேப் எங்கே இருக்கிறது என்று நான் அளந்து பார்க்கவில்லை. அவள் ஒட்டிய இடம். அவள் தாண்டினாள், நான் கிளம்பினேன். "கை" என்றாள். நீட்டினேன், இருந்தது.

முடிந்ததும் மற்ற இருவரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள். அவள் அவர்களை மட்டும் கட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். எனக்கு வலித்தது, வலிக்க வேண்டியதுதான்.

இன்று காலை எழுந்தால் என் கட்டிலுக்கு அடியில் அவளுடைய ஸ்பைக் ஷூ. உள்ளே ஒரு சீட்டு: "அண்ணனுக்கு. முன்னால இடிக்குது. நீளம் கூடக் கூடாது." எனக்கு ஒரு வார்த்தை இல்லை. இதோடு பார்சலில் அனுப்புகிறேன். ஓட்ட ஷூவைத் தொட மாட்டேன் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. நான் கேட்கவில்லை, அவள் கேட்கிறாள்.

உன்,
தத்தி

ஆகஸ்ட் 9

தத்திக்கு அண்ணன் எழுதுவது.

நாங்கள் சௌக்கியம். நீயும் அப்படித்தான் என்று நம்புகிறேன். டிவியில் பார்த்தோம். ரேடியோக்காரர் இந்தத் தடவை டிவியை அணைக்கவில்லை. உன் அண்ணி நீ கையை நீட்டும்போது கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள், அப்புறம் என்ன ஆச்சு என்ன ஆச்சு என்று என் தோளைப் பிய்த்துவிட்டாள்.

பதில் எழுதாதது கோபத்தால்தான். இப்போதும் முழுசாகத் தீரவில்லை. காலண்டரைக் கழற்றிவிட்டேன், அவ்வளவுதான் முடிந்தது.

ஷூவை மூன்று நாள் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலாவது நாள் எடுத்தேன். முன்னால் ஒன்றும் சேர்க்கவில்லை. உள்ளே இருந்த அட்டையைச் சீவி, விரல் இருக்கிற இடத்தில் தோலை நனைத்து இழுத்து விட்டேன். வேலைக்கு முன்னால் இருபத்திரண்டு சென்டிமீட்டர், பின்னாலும் இருபத்திரண்டு. அண்ணியையும் அளக்கச் சொன்னேன். முப்பத்தொன்றால் பெருக்கினேன். உன் பழைய இருபத்தெட்டுக்கு நாலு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். பிள்ளை சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள்.

பார்சலை அவள் பேருக்கு அனுப்பியிருக்கலாம். அண்ணியும் அப்படித்தான் சொன்னாள். நான் உன் பேருக்கு அனுப்பியிருக்கிறேன். கட்டிலடியில் வைத்துவிட்டு ஓடாதே. அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாளோ அங்கே போய், எதிரில் நின்று, கையில் கொடு. அவள் வாங்க நேரமானாலும் நீட்டின கையை மடக்காதே.

அண்ணன்